தப்பு கண்டுபிடிக்கச் சம்பளம்!

சாப்ட்வேர் சோதனை வேலையில் சேருவது எப்படி? ஏமாறாமல் இருப்பது எப்படி?

திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத் திருவிழா என்றால் ஊர் கொள்ளாத கூட்டம்.

திருவிழாவின் 7-ம் நாள் தேரோட்டம். பஞ்ச மூர்த்திகளுக்கு 5 தேர்கள். அவற்றில் பெரியது, அண்ணாமலையார் எழுந்தருளும் மகாரதம்.

2024-ம் ஆண்டு இந்த மகாரதத்தைப் பழுது பார்த்தார்கள். வேலை முடிந்தது. உடனே சாமியை ஏற்றி இழுத்தார்களா? இல்லை. முதலில் வெள்ளோட்டம் விட்டார்கள். வெறும் தேரை மாட வீதியில் இழுத்துப் பார்த்தார்கள்.

ஏன்?

சக்கரம் சரியாக உருள வேண்டும். அச்சு தாங்க வேண்டும். முட்டுக்கட்டை போட்டால் நிற்க வேண்டும். மூலையில் திரும்ப வேண்டும். கோளாறு இருந்தால் அது வெள்ளோட்டத்தில் தெரிய வேண்டும். பெருங்கூட்டம் வடம் பிடிக்கும் நாளில் தெரியக் கூடாது!

கம்ப்யூட்டர் உலகத்திலும் இதே போல ஒரு வெள்ளோட்டம் உண்டு. அதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மாதா மாதம் சம்பளம். அந்த வேலைக்கு "சாப்ட்வேர் டெஸ்டிங்" என்று பெயர். அந்த வேலையைச் செய்கிறவர் "டெஸ்டர்".

திருவண்ணாமலையில் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. என்ஜினீயரிங் கல்லூரிகள் இருக்கின்றன. ஆண்டுதோறும் பிள்ளைகள் பட்டத்தோடு வெளியே வருகிறார்கள். "அடுத்து என்ன?" என்பதுதான் வீட்டுக்கு வீடு கேள்வி. சென்னைக்குப் போய் டெஸ்டர் ஆகிவிட்ட பிள்ளையைப் பற்றி, எதிர் வீட்டுக்காரர் பேசக் கேட்டிருப்பீர்கள்.

அது என்ன வேலை? யார் சேரலாம்? விவரம் வருமாறு:-

கட்டளையில் தப்பு

கம்ப்யூட்டர் தானாக எதையும் செய்யாது. "இதைச் செய், பிறகு அதைச் செய்" என்று வரிசையாக எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் கட்டளைகளின் தொகுப்புதான் சாப்ட்வேர்.

செல்போனில் பணம் அனுப்புகிறீர்கள். மின்சாரக் கட்டணம் கட்டுகிறீர்கள். ரெயில் டிக்கெட் எடுக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் பின்னால் சாப்ட்வேர் ஓடுகிறது.

அதை எழுதுகிறவர் மனிதர். மனிதர் எழுதினால் தப்பு வரும். ஆயிரம் வரி எழுதினால் அதில் சில வரி தடம் புரளும். எவ்வளவு கெட்டிக்காரர் எழுதினாலும் இதுதான் கதி.

இந்தத் தப்புக்குக் கம்ப்யூட்டர்காரர்கள் வைத்திருக்கும் பெயர் வேடிக்கையானது. "பக்" என்பார்கள். பக் என்றால் பூச்சி!

1947-ம் ஆண்டு செப்டம்பர் 9-ந் தேதி, அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் ஒன்று தகராறு செய்தது. திறந்து பார்த்தார்கள். உள்ளே ஒரு விட்டில் பூச்சி செத்துக் கிடந்தது! அதை எடுத்துக் குறிப்பு நோட்டில் ஒட்டி, "பூச்சி கிடைத்தது" என்று எழுதி வைத்தார்கள். (எந்திரக் கோளாறைப் பூச்சி என்று சொல்லும் வழக்கம் அதற்கு முன்பே இருந்தது. நிஜப் பூச்சி கிடைத்ததுதான் தமாஷ்.) அந்த நோட்டு இன்றும் அமெரிக்கப் பொருட்காட்சி சாலையில் பத்திரமாக இருக்கிறது.

குறுக்குப் புத்தி வேண்டும்

டெஸ்டர் என்ன செய்கிறார்? ஓர் உதாரணம்.

ஒரு விண்ணப்பம். "18 வயது முதல் 60 வயது வரை உள்ளவர்கள் சேரலாம்" என்பது நிபந்தனை. வயதைக் கம்ப்யூட்டரில் தட்ட வேண்டும்.

நாம் என்ன செய்வோம்? 25 என்று தட்டுவோம். ஏற்றுக்கொள்ளும். "சரியாக இருக்கிறது" என்று சொல்லிவிடுவோம்.

டெஸ்டர் அப்படி விடமாட்டார். 17 போடுவார். 18 போடுவார். 60 போடுவார். 61 போடுவார். தப்பு பெரும்பாலும் வரப்பு ஓரத்தில்தான் ஒளிந்திருக்கும் என்பது அவருக்குத் தெரியும். பிறகு 0 போடுவார். 999 போடுவார். "பதினெட்டு" என்று எழுத்தில் எழுதுவார். ஒன்றுமே எழுதாமல் பொத்தானை அமுக்குவார். ஒரே பொத்தானைப் படபடவென்று 5 தடவை அமுக்குவார்.

குழந்தை கையில் பொம்மை கிடைத்தது போலத்தான்! ஆனால் குழந்தைக்கு இல்லாத ஒன்று டெஸ்டரிடம் உண்டு. எதைச் செய்தோம், என்ன நடந்தது என்று அவர் எழுதி வைப்பார்.

பெயர் எழுதும் கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் தயாரான விண்ணப்பங்களில் "முதல் பெயர்", "கடைசிப் பெயர்" என்று 2 கட்டம் இருக்கும். நம் ஊரில் ஏது கடைசிப் பெயர்? இனிஷியல்தானே! "மு" என்று ஒரே எழுத்தைப் போட்டால், "குறைந்தது 2 எழுத்து வேண்டும்" என்று சில கம்ப்யூட்டர்கள் அடம் பிடிக்கும். அமெரிக்காவில் உட்கார்ந்து எழுதியவருக்கு இது தோன்றியிருக்காது. திருவண்ணாமலைப் பெண் சோதனைக்கு உட்கார்ந்தால், முதல் நாளே பிடித்துவிடுவாள்!

கூட்டத்தைத் தாங்குமா என்று பார்ப்பது இன்னொரு சோதனை. கிரிவலப் பாதை 14 கிலோ மீட்டர். சாதாரண நாளில் காற்று வாங்கிக்கொண்டு நடக்கலாம். பௌர்ணமி இரவில் நடந்து பாருங்கள்! அதே பாதைதான், ஆனால் கதை வேறு. ரெயில்வேயின் தட்கல் டிக்கெட்டும் அப்படித்தான். காலை 10 மணிக்கும் 11 மணிக்கும் நாடு முழுவதும் இருந்து ஒரே நேரத்தில் வந்து மோதுகிறார்கள். ஒருவர் வந்தால் வேலை செய்கிற சாப்ட்வேர், லட்சம் பேர் வந்தால் என்ன ஆகும்? அதைப் பார்க்க, லட்சம் பேர் வந்தது போலக் கம்ப்யூட்டரை வைத்தே போலிக் கூட்டம் கூட்டுவார்கள்.

ஜெயிலுக்குப் போன போஸ்ட் மாஸ்டர்கள்!

"ஒரு சின்னத் தப்பு இருந்தால் என்ன குடி முழுகிவிடும்?" என்று கேட்கலாம்.

குடி முழுகிய கதை இங்கிலாந்தில் நடந்திருக்கிறது.

1999-ம் ஆண்டு, அந்த நாட்டுத் தபால் ஆபீசுகளில் கணக்கு எழுதப் புதிய சாப்ட்வேர் வந்தது. பெயர் "ஹொரைசன்". ஊர் ஊராகத் தபால் நிலையம் நடத்திய சின்னப் போஸ்ட் மாஸ்டர்கள், அன்றாட வரவு செலவை அதில்தான் பதிய வேண்டும்.

சில ஊர்களில் மாலையில் கணக்கு முடித்தால் பணம் குறைந்தது. 100 பவுன் குறைந்தது. ஆயிரம் பவுன் குறைந்தது. சிலருக்குப் பல ஆயிரம்!

"நாங்கள் எடுக்கவில்லை. கம்ப்யூட்டர் தப்பாகக் காட்டுகிறது" என்று அவர்கள் முறையிட்டார்கள்.

"கம்ப்யூட்டர் சரியாகத்தான் இருக்கிறது" என்று மேலிடம் சொல்லிவிட்டது.

பலர் சொந்தப் பணத்தைக் கொட்டிக் கொடுத்தார்கள். வீட்டை விற்றவர்கள் உண்டு. ஊரார் முகத்தில் விழிக்க முடியாமல் உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. 1999-ல் இருந்து 2015 வரை 900 பேருக்கு மேல் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. இந்திய வம்சத்தைச் சேர்ந்த ஒரு பெண்மணி, 2010-ல் கர்ப்பிணியாக ஜெயிலுக்குப் போனார்.

உண்மை எப்போது வெளிவந்தது? 2019-ல்! சாப்ட்வேரில் பூச்சிகள் இருந்தன என்று லண்டன் ஐகோர்ட்டு தீர்ப்பளித்தது. 2021-ல் அந்தப் பெண்மணி உள்பட 39 பேருடைய தண்டனை ஒரே நாளில் ரத்து ஆனது. 2024 ஜனவரியில் இந்தக் கதை டெலிவிஷனில் நாடகமாக வந்தது. நாடே கொதித்தது. அதே ஆண்டில் பார்லிமெண்டு தனிச் சட்டம் போட்டு, மற்றவர்களின் தண்டனையையும் நீக்கியது.

போன வீடும் போன உயிரும் திரும்பவில்லை.

அந்தச் சாப்ட்வேரில் தப்பு இருப்பதை அறிந்தவர்கள் உள்ளேயே இருந்தார்கள் என்பதுதான் கொடுமை. தப்பைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. "இங்கே தப்பு இருக்கிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது மீதி வேலை.

நம் நாட்டையே தொட்ட சம்பவமும் உண்டு. 2024 ஜூலை 19-ந் தேதி, உலகம் முழுவதும் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் திடீரென்று படுத்துவிட்டன. கிரவுட்ஸ்டிரைக் என்ற அமெரிக்கக் கம்பெனி அனுப்பிய ஒரு சிறு திருத்தத்தால் வந்த வினை அது. இந்திய விமான நிலையங்களில், போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். திருத்தத்தை அனுப்பும் முன் அதைச் சோதிக்க ஒரு சாப்ட்வேர் இருந்தது. அந்தச் சோதனைச் சாப்ட்வேரிலேயே பூச்சி!

சண்டை வராதா?

ஒருவர் எழுதுகிறார். இன்னொருவர் குற்றம் சொல்கிறார். சண்டை வராமல் இருக்குமா?

வரும். மருமகள் வைத்த குழம்பில் மாமியார் உப்புப் பார்ப்பது போலத்தான்! "என் கம்ப்யூட்டரில் சரியாகத்தானே ஓடுகிறது" என்பது எழுதியவர் சொல்லும் வாடிக்கையான பதில்.

அதனால்தான் டெஸ்டருக்கு எழுதத் தெரிய வேண்டும். "டிக்கெட் வரவில்லை" என்று எழுதினால் யாருக்கும் பயன் இல்லை. இப்படி எழுத வேண்டும்:

"திருவண்ணாமலையில் இருந்து சென்னைக்கு 2 டிக்கெட் கேட்டேன். பணம் கட்டும் பக்கம் வந்ததும், செல்போனில் பின்னால் போகும் பொத்தானை அமுக்கினேன். மறுபடி பணம் கட்டினேன். 2 தடவை பணம் பிடிக்கப்பட்டது. டிக்கெட் ஒரு தடவைதான் வந்தது. ஒரு தடவைதான் பணம் பிடித்திருக்க வேண்டும். 3 முறை செய்து பார்த்தேன். 3 முறையும் இப்படியே நடந்தது."

இதைப் படித்தவர் மறுக்க முடியாது. தானே செய்து பார்த்துத் திருத்திவிடுவார். இதில் "நீ தப்புச் செய்தாய்" என்ற பேச்சே இல்லை. என்ன செய்தேன், என்ன நடந்தது, என்ன நடந்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

யார் சேரலாம்?

என்ஜினீயரிங் படித்தவர்களுக்கு மட்டும் உள்ள வேலை அல்ல இது. பி.எஸ்சி., பி.சி.ஏ. படித்தவர்கள் நிறையச் சேருகிறார்கள். பி.காம். படித்தவருக்கு ஒரு தனி வசதி உண்டு. பாங்கி, இன்சூரன்ஸ் கம்பெனிகளின் சாப்ட்வேரைச் சோதிக்கக் கணக்குத் தெரிந்தவர் வேண்டும் அல்லவா? சென்னையில் 2000-ம் ஆண்டில் தொடங்கிய மேவரிக் என்ற கம்பெனி, பாங்கிகளின் சாப்ட்வேரைச் சோதித்தே பெயர் எடுத்தது.

பெரிய கம்பெனிகளில் ஒரு பழக்கம் உண்டு. "டெஸ்டருக்கு ஆள் தேவை" என்று புதியவர்களைத் தனியாக எடுப்பது குறைவு. பொதுவாகத் தேர்வு வைத்து எடுப்பார்கள். டி.சி.எஸ். கம்பெனியின் "என்.கியூ.டி." தேர்வு அப்படிப்பட்டது. சேர்ந்து, பயிற்சி முடிந்த பிறகுதான் எழுதும் பக்கமா, சோதிக்கும் பக்கமா என்பது தெரியும். "நான் டெஸ்டிங் கேட்கவில்லையே" என்று கலங்குகிறவர்கள் உண்டு. கலங்கத் தேவை இல்லை. பின்னால் பக்கம் மாறியவர்களும் உண்டு.

பிளஸ்-2 முடித்தவருக்கும் வழி இருக்கிறது. ஜோகோ கம்பெனி 2004-ல் இருந்து சொந்தமாகப் பள்ளிக்கூடம் நடத்துகிறது. பீசு கிடையாது. உதவித்தொகை உண்டு. எச்.சி.எல். கம்பெனி, பிளஸ்-2 முடித்தவர்களுக்கு "டெக்-பீ" என்ற பயிற்சியை 2017-ல் தொடங்கியது.

சம்பளம் எவ்வளவு? பெரிய கம்பெனிகளில் புதிதாகச் சேரும் பட்டதாரிக்கு ஆண்டுக்கு 3 லட்சம் முதல் 4 லட்சம் ரூபாய் என்பது பல ஆண்டுகளாக இருந்து வரும் கணக்கு. சின்னக் கம்பெனிகளில் இதைவிடக் குறையும். சென்னையில் அறை வாடகை, சாப்பாடு, பஸ் செலவு போக வீட்டுக்கு அனுப்ப எவ்வளவு மிஞ்சும் என்று முதலிலேயே கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது.

வீட்டில் இருந்தே படிக்கலாம்

எழுதுவது, ஏன் என்று கேட்பது, பொறுமை. இந்த மூன்றும் சொந்தச் சரக்கு. மற்றவற்றைப் படித்துக்கொள்ளலாம்.

கம்ப்யூட்டரில் சேமித்த விவரங்களைக் கேட்டு வாங்கும் மொழி ஒன்று உண்டு. அதற்கு "எஸ்.கியூ.எல்." என்று பெயர். அது வேண்டும். ஜாவா, பைதான் ஆகிய கட்டளை மொழிகளில் ஒன்று ஓரளவு தெரிய வேண்டும். "கணியம்" என்ற தமிழ் அமைப்பு, இப்படிப்பட்ட பாடங்களைத் தமிழிலேயே புத்தகமாக எழுதி விலை இல்லாமல் தருகிறது. தமிழ்நாடு அரசு 2022 மார்ச்சில் தொடங்கிய "நான் முதல்வன்" திட்டத்தில், கல்லூரியிலேயே வேலைப் பயிற்சி கிடைக்கிறது.

அனுபவம் இல்லையே என்பவர்களுக்கு ஒரு வழி. "லிப்ரே ஆபீஸ்" என்ற சாப்ட்வேர் இலவசம். தமிழிலும் வருகிறது. அதை எடுத்துச் சோதியுங்கள். தமிழில் "ஸ்ரீ" சரியாக விழுகிறதா? அகர வரிசை சரியா? தப்பு தென்பட்டால் அதைத் தயாரிப்பவர்களுக்கு எழுதி அனுப்பலாம். உலகத்தில் யாரும் அனுப்பலாம். அந்தக் கடிதம் உங்கள் பெயரோடு பொதுவில் நிற்கும். வேலை கேட்டுப் போகும்போது அதைக் காட்டலாம்.

சான்றிதழ் வேண்டும் என்பவர்களுக்கு "ஐ.எஸ்.டி.கியூ.பி." பரீட்சை இருக்கிறது. 2002-ல் ஏற்பட்ட சர்வதேச அமைப்பு நடத்துவது. முதல் படிப் பரீட்சையில் 40 கேள்விகள். 60 நிமிடம். 26 சரியாக எழுதினால் பாஸ். தாய்மொழி அல்லாத மொழியில் எழுதுகிறவர்களுக்கு 15 நிமிடம் கூடுதல். பாடத்திட்டம் இலவசமாகக் கிடைக்கிறது. இந்தச் சான்றிதழ் இருந்தால்தான் வேலை என்பது இல்லை.

நகையை விற்காதீர்கள்!

இந்த இடத்தைப் பெற்றோர்கள் கவனமாகப் படிக்க வேண்டும்.

"3 மாதப் பயிற்சி. 100-க்கு 100 வேலை உறுதி" என்று விளம்பரம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பயிற்சி தரலாம். வேலையை அவர்கள் எப்படி உறுதி சொல்ல முடியும்? பணம் கட்டும் முன், அங்கே படித்துப் போன 2 பேரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள்.

இன்னும் சிலர், "3 ஆண்டு அனுபவம்" என்று போலிச் சான்றிதழ் தயாரித்துத் தருவதாகச் சொல்வார்கள். அது பொல்லாத வலை. பெரிய கம்பெனிகள் ஆளைச் சேர்த்த பிறகும், பழைய வேலையைப் பற்றி விசாரிக்கின்றன. வேலை பார்த்த இடத்தில் பிராவிடண்ட் பண்ட் பிடித்தார்களா, எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை என்று பார்க்கின்றன. குட்டு வெளிப்பட்டால் வேலை போகும். தப்பு கண்டுபிடிக்கும் வேலைக்கே பொய்யோடு போனால் எப்படி?

பெரிய கம்பெனி எதுவும் வேலை தருவதற்குப் பணம் கேட்காது. "டெபாசிட் கட்டு, ஆர்டர் அனுப்புகிறேன்" என்று போன் வந்தால் மோசடிதான். ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். இணையக் குற்றங்களுக்கு அரசு வைத்திருக்கும் எண் அது.

எந்திரமே சோதித்தால்?

திரும்பத் திரும்பப் பொத்தான் அமுக்கும் வேலையை எந்திரமே செய்யத் தொடங்கிப் பல ஆண்டு ஆகிறது. "செலினியம்" என்ற இலவசக் கருவி 2004-ல் வந்தது. மனிதன் ஒரு நாள் முழுக்கச் செய்யும் சோதனையை அது நிமிடங்களில் செய்துவிடும். இப்போது செயற்கை அறிவும் வந்துவிட்டது. எதைச் சோதிக்க வேண்டும் என்ற பட்டியலையே அது எழுதித் தருகிறது.

2025 ஜூலையில் டி.சி.எஸ். கம்பெனி, சுமார் 12 ஆயிரம் பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. ஆகவே, "சேர்ந்தால் போதும், ஓய்வு பெறும் வரை கவலை இல்லை" என்ற காலம் இது அல்ல. பொத்தான் அமுக்க மட்டும் தெரிந்தவருக்கு இடம் சுருங்குகிறது. கருவியை ஓட்டத் தெரிந்தவருக்கும், கருவி எழுதித் தந்த பட்டியலில் விட்டுப்போனது எது என்று சொல்லத் தெரிந்தவருக்கும் இடம் இருக்கிறது. இனிஷியல் விஷயம் நினைவு இருக்கிறது அல்லவா?

பேனாவைச் சோதிப்பது எப்படி?

இன்டர்வியூ பெரும்பாலும் சென்னையில். திருவண்ணாமலையில் இருந்து ஏறத்தாழ 190 கிலோ மீட்டர். செஞ்சி, திண்டிவனம் வழியாகப் பஸ் இருக்கிறது. சென்னைக் கடற்கரை நிலையத்துக்கு வேலூர் வழியாக நேரடி ரெயில் 2024 மே மாதம் வந்தது. பக்கத்து விழுப்புரம் மாவட்டத்தில், வானூர் அருகே 2024-ல் ஒரு சிறிய டைடல் பூங்காவும் திறந்திருக்கிறார்கள். அதையும் விசாரித்து வைக்கலாம்.

இன்டர்வியூவில் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு. அதிகாரி தன் சட்டைப் பையில் இருந்து பேனாவை எடுத்து மேஜை மேல் வைப்பார்.

"இந்தப் பேனாவை எப்படிச் சோதிப்பீர்கள்?"

பலர் உடனே தொடங்கிவிடுவார்கள். "எழுதிப் பார்ப்பேன் சார். மை கசிகிறதா என்று பார்ப்பேன். கீழே போட்டுப் பார்ப்பேன்."

இது தப்பு இல்லை. ஆனால் அதிகாரி எதிர்பார்ப்பது வேறு. கெட்டிக்காரப் பிள்ளை முதலில் பதில் சொல்லமாட்டான். கேள்வி கேட்பான்.

"இது யாருக்காகச் செய்த பேனா, சார்? பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கா? டாக்டருக்கா? செக்கில் கையெழுத்துப் போடுகிறவருக்கா?"

செக்கில் கையெழுத்துப் போடும் பேனா என்றால், தண்ணீர் பட்டால் எழுத்து அழிகிறதா என்று பார்க்க வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளையின் பேனா என்றால், மூடியைக் கடித்து விழுங்கிவிட முடியுமா என்று பார்க்க வேண்டும்!

பேனா முடிந்ததும் லிப்டைப் பற்றிக் கேட்பார்கள்.